ஒலியில்லாமல் நாகேஷைப் பார்த்த இரண்டு வருடங்கள்

நாகேஷை நான் முதலில் கண்ணால் அறியவில்லை, காதால்தான் அறிந்தேன். திருகோணமலையில் டச்பே கடற்கரைக்கு மூன்று ஒழுங்கைகள் தள்ளியிருந்த எங்கள் வீட்டில் எண்பதுகளின் நடுப்பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. கோயில் திருவிழா தொடங்கினால் பின்னேரப் பூசைக்கு முன்பு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' படத்தின் கதை வசனக் கசெற்றைப் போடுவார்கள். ஆயிரம் பொற்காசுக்காக ஏங்கிச் சந்நிதியில் நின்று புலம்பும் தருமியின் குரல் பனை மரங்களைத் தாண்டி எங்கள் விறாந்தை வரை வரும். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பகுதியின் ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு மூச்சிழுப்பும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அந்தக் குரலுக்கு நான் மனத்தில் வைத்திருந்த உருவம், வயிறு முன்தள்ளிய, கட்டையான ஒரு வயோதிபப் புலவர். ஒரு சிவராத்திரி இரவில் அயல் வீட்டு முற்றத்தில் டெக் வாடகைக்கு எடுத்து அந்தப் படத்தைப் போட்டபோது, தருமியாக வந்தவர் கம்பு போல மெலிந்த ஓர் இளைஞர் என்பதைக் கண்டு திகைத்துப் போனேன்.

அன்று தொடங்கிய இரசனை இன்று வரை குறையவில்லை. ஆனாலும், முப்பது வருடங்களுக்கு மேலாக நான் நாகேஷின் வசனங்களுக்குத்தான் இரசிகனாக இருந்தேனே தவிர நாகேஷுக்கு அல்ல என்பதை இரண்டு வருடங்களுக்கு முன்புதான் உணர்ந்தேன். அதை உணர வைத்தவர் காது கேளாத என் அப்பா.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. எழுபத்தைந்தைக் கடந்த பிறகு அவருடைய காது மெல்ல மெல்ல அடைபட்டு, அருகில் இருந்து உரக்கக் கதைத்தால் மட்டும் பாதி விளங்கும் நிலைக்கு வந்துவிட்டது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். ஆட்கள் ஒருவர் ஒருவராகக் கதைக்கும்போது அது ஓரளவு உதவுகிறது. பழைய படங்களுக்கு மட்டும் அது சரிவரவில்லை. வசனம், பின்னணி இசை, தேய்ந்த பிரதியின் இரைச்சல் எல்லாம் ஒரே கோட்டில் பதிவாகியிருப்பதால் கருவி எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்குகிறது; எங்கள் வீட்டு மின்விசிறியும் காகங்களும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அப்பா கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "நீங்கள் பாருங்கோ, எனக்குப் படம் வேண்டாம்" என்று எழும்பிப் போய்விடுவார். இளமையில் இலங்கை வானொலியின் திரைப்பட நிகழ்ச்சிகளை ஒன்று விடாமல் கேட்டவர், புதுப் படம் வந்த முதல் கிழமையே தியேட்டரில் போய் நின்றவர், படம் வேண்டாம் என்று சொன்னது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

அவரை மறுபடியும் கதிரையில் இருத்துவதற்காக, சனிக்கிழமை பின்னேரங்களில் நாகேஷ் படங்களைப் போடுவதென்று நானும் என் மருமகனும் முடிவு செய்தோம். அவன் முதல் நாள் தன் கைத்தொலைபேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு அனுப்பியது, நாகேஷின் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய ஒரு தொகுப்பு. பத்து நிமிடம் கூடக் கழியவில்லை, அப்பா எழும்பிவிட்டார். காதுதான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை 'காதலிக்க நேரமில்லை' படத்தை முழுமையாகப் போட்டோம். ஒலி கேட்கவில்லை என்ற நிலை அப்போதும் மாறவில்லை. ஆனால் படம் தயாரிக்கத் துடிக்கும் செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க் கதை சொல்லும் இடம் வந்தபோது அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்தக் காட்சியைத் தமிழ் அறிந்த எவரும் நூறு தடவையாவது பார்த்திருப்பார்கள். தொகுப்பிலும் அது இருந்தது. ஆனால் அங்கே சிரிக்காதவர் இங்கே ஏன் சிரித்தார் என்பதை யோசித்தபோதுதான் எனக்கு முதற்பாடம் கிடைத்தது. செல்லப்பாவின் தந்தையாக வரும் டி. எஸ். பாலையாவை அதுவரை படம் முழுவதும் பணக்கார மிடுக்கோடு, அதட்டலோடு, எவரையும் மதிக்காத கண்ணோடு அப்பா பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்த மிடுக்கு நாகேஷின் இரண்டு கைகளுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கதிரையில் இருந்தபடியே மனிதர் சுருங்கிப் போவதைக் காண்பதற்கு ஒலி தேவைப்படவில்லை. மிடுக்கை முன்பே கண்டிருந்தால் போதும். தொகுப்பில் அந்த மிடுக்கு வெட்டப்பட்டு, பயம் மட்டும் எஞ்சியிருந்தது. நாகேஷின் சிறந்த காட்சிகள் அனேகமாக எல்லாமே எதிரில் நிற்பவரின் முகத்தில் நடப்பவை. அந்த எதிராள் யார், இதற்கு முன் எப்படி இருந்தார் என்பது தெரியாமல் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது நாகேஷின் பாதிதான். ஆகவே புதிதாக ஒருவருக்கு நாகேஷை அறிமுகப்படுத்துகிறவர்கள் தயவுசெய்து வெட்டிய துண்டுகளிலிருந்து தொடங்க வேண்டாம்.

அன்றே இன்னொரு விடயமும் நடந்தது. படம் தொடங்கிய சிறிது நேரத்தில் அப்பா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இது நாகேஷ் இல்லை மகன். இவன் நல்லாச் சாப்பிட்டவன்" என்றார். நான் முதலில் வயதின் தடுமாற்றம் என்று எண்ணினேன். பிறகு நானும் பார்த்தேன்: திரையில் இருந்த நாகேஷ் உண்மையிலேயே அகலமாக இருந்தார். எல்லோருமே அகலமாக இருந்தார்கள். ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவை மாற்றும் பகுதியைத் தேடிப் பிடித்து, நாலுக்கு மூன்று என்பதை அழுத்தினேன். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. நடுவில் நின்ற மனிதர் ஒரு நொடியில் மெலிந்தார். தோள் எலும்பு தெரிந்தது, கழுத்து நீண்டது, கை முழங்கைக்குக் கீழே ஈர்க்கு மாதிரி ஆனது. "ஆ, இப்ப அவன்தான்" என்றார் அப்பா.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் அகலத் திரை 1973 இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' படத்தோடுதான் வந்தது. அதற்கு முந்திய நாகேஷ் படங்கள் யாவும், அதாவது அவருடைய பொற்காலம் முழுவதும், ஏறத்தாழச் சதுரமான சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. இன்று வீடுகளில் இருக்கும் தொலைக்காட்சிகள் அகலமானவை என்பதால், பக்கத்தில் கறுப்பு விழக்கூடாது என்று படத்தை இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். வேறு நடிகர்களுக்கு இதனால் நேரும் கெடுதி குறைவு. நாகேஷுக்கு அது உயிரைப் பறிப்பதற்குச் சமம், ஏனெனில் அவருடைய நகைச்சுவையின் மூலதனமே அந்த மெலிவுதான். பலசாலி ஒருவரின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போது, நிமிர்த்துவதற்கு அங்கே நெஞ்சு இல்லை என்பது நமக்குத் தெரியவேண்டும். பக்கத்தில் விழும் கறுப்புப் பட்டையைப் பழுது என்று எண்ணி வீட்டிலுள்ள பெரியவர்கள் சலித்துக்கொண்டால், அதுதான் சரியான அளவு என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இழுப்பதைவிடக் கொடியது வெட்டுவது. மெருகேற்றப்பட்ட பிரதி என்ற பெயரில் கிடைப்பவற்றுள் பல, சதுரச் சட்டத்தின் மேலும் கீழும் வெட்டி அகலமாக்கப்பட்டவை. நிறம் பளிச்சென்று இருக்கும், கோடுகள் இருக்காது, பார்ப்பதற்கு ஆசையாகவும் இருக்கும். ஆனால் கால் இருக்காது. நாகேஷ் காலால் நடித்தவர் என்பதை நான் அறிந்தது இந்த வெட்டிய பிரதிகளைப் பார்த்து ஏமாந்த பிறகுதான். ஒரு பாடல் காட்சியில் அவர் ஆடுவதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. "கால் எங்கே?" என்று அப்பா கையால் சைகை செய்து கேட்டார். கறுப்பு வெள்ளையில் கோடு விழுந்த பழைய பிரதியைத் தேடிப் போட்டபோது, மேல் உடம்பு ஒரு பக்கம் போக, கால் அதற்கு உடன்படாமல் இன்னொரு பக்கம் போவதைக் கண்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பிரதி நல்லதா கெட்டதா என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் கால் தெரிகிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம்.

அப்பாவோடு பார்க்கும்போது எனக்கும் ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. மனப்பாடமான காட்சியைத் தேர்ந்தெடுத்து, ஒலியை முற்றாக நிறுத்திவிட்டு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. தருமியின் காட்சியை அவ்வாறு பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். சின்ன வயதில் ஒலிபெருக்கியில் உருவம் இல்லாமல் கேட்டதை இப்போது குரல் இல்லாமல் பார்த்தேன். புலவனாக வந்த சிவாஜி கணேசன் நிமிர்ந்து, அசையாமல், இடத்தை நிறைத்துக்கொண்டு நிற்கிறார். நாகேஷ் ஒரு கணமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆனால் அவருடைய அசைவுகள் யாவும் அந்த ஒரு மனிதரைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. கோபித்துக்கொண்டு விலகிப் போகிறார், ஆசை பிடித்து இழுக்கத் திரும்பி வருகிறார், நம்பிக்கை வந்ததும் ஒரு பிடி உயர்கிறார், சந்தேகம் வந்ததும் இரண்டு பிடி குறைகிறார். வசனத்தை மட்டும் கேட்டிருந்த காலத்தில் தருமியை நான் பேராசைக்காரனாக எண்ணியிருந்தேன். குரலை நீக்கிவிட்டுப் பார்த்தபோது பசியுள்ள மனிதன் தெரிந்தான். அரச சபையில் பாடலில் பிழை என்று நக்கீரர் சொன்னதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டாவது தரக்கூடாதா என்று மன்றாடும் இடத்தில் நான் இப்போது சிரிப்பதில்லை.

எங்கள் ஒழுங்கையில் சிவாஜியின் பரம இரசிகர் ஒருவர் இருக்கிறார். அந்தக் காட்சி சிவாஜி விட்டுக்கொடுத்ததால் வந்த காட்சி என்பது அவருடைய உறுதியான கட்சி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சிவாஜி அசையாமல் நின்றதால்தான் நாகேஷின் அசைவுக்கு அளவுகோல் கிடைத்தது. அசையாமல் நிற்பது பெரிய நடிகருக்கு எளிதான காரியம் அல்ல. ஆனால் ஒலியை அடைத்துவிட்டு அவரையும் ஒரு நாள் பார்க்க வைத்தோம். முடிந்த பிறகு அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை தானாகவே வந்து 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் போடச் சொன்னார். அதில் வைத்தியாக வரும் நாகேஷ், தருமிக்கு நேர் மாறானவர். பணம் உள்ளவர் முன்னால் வளையும் அதே முதுகெலும்பு, இங்கே பசியால் வளையவில்லை, வஞ்சகத்தால் வளைகிறது. மூன்று வருட இடைவெளியில், ஒரே இயக்குநரான ஏ. பி. நாகராஜனின் இரு படங்களில், ஒரே உடம்பைக் கொண்டு ஒருவர் இரண்டு வேறு வறுமைகளைக் காட்டியிருக்கிறார்: ஒன்று வயிற்றின் வறுமை, மற்றையது மனத்தின் வறுமை.

கே. பாலசந்தரோடு அவர் இணைந்த படங்களைப் பற்றி என் கருத்து பலருடைய கருத்தோடு ஒத்துப்போகாது. 'சர்வர் சுந்தரம்' பாலசந்தரின் நாடகத்திலிருந்து கிருஷ்ணன் பஞ்சு இயக்கி 1964 இல் வெளிவந்தது. அடுக்கடுக்கான பாத்திரங்களை ஏந்திக்கொண்டு ஓட்டலில் நாகேஷ் நடக்கும் தோற்றம் யாருடைய நினைவிலிருந்தும் போகாது. உணவு பரிமாறியவன் திரைப்பட நடிகனாகி, காதலையும் தாயையும் இழந்து, மறுபடியும் பரிமாற வருகிறான். நல்ல படம்தான். ஆனால் அதில் சுந்தரத்துக்காக நாம் அழ வேண்டும் என்று படம் நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 1968 இல் பாலசந்தரே இயக்கிய 'எதிர்நீச்சல்' அப்படிக் கேட்பதில்லை. ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கிடந்து, குடியிருப்போர் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் கொடுக்கும் மீதியை உண்டு படிக்கும் அநாதை மாது, தன்னை யாரும் பரிதாபமாகப் பார்த்துவிடக் கூடாது என்று பகிடி விட்டுக்கொண்டே இருக்கிறான். நாகேஷின் முகத்தில் அந்தப் பகிடிக்கும் அடுத்த பகிடிக்கும் இடையில் ஒரு சிறு வெறுமை வந்து போகும். அது அரை நொடிகூட இருக்காது. ஒலியோடு பார்த்த காலத்தில், அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்த என் கண்ணில் அது பட்டதே இல்லை. அப்பா அதைத்தான் முதலில் கண்டார். "பெடியன் சிரிக்கிறான், ஆனால் சிரிக்கேல்லை" என்றார். அதைவிடச் சரியாக அந்தப் பாத்திரத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

'நீர்க்குமிழி' 1965 இல் வந்தது, பாலசந்தர் இயக்கிய முதற்படம். புற்றுநோயை உடம்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைக் கலகலப்பாக்கும் சேது பாத்திரம் நாகேஷுக்கு நல்ல வாய்ப்பு. என்றாலும் படம் மேடையைவிட்டு இறங்கவில்லை என்பது என் எண்ணம். வசனம் தாங்கி நிற்பதால் அப்பாவுக்கும் அது பிடிபடவில்லை.

பிடிக்காதவற்றையும் சொல்லத்தான் வேண்டும். அறுபதுகளில் அவர் நடித்த படங்களின் எண்ணிக்கை மிகப் பெரியது, ஒரே வருடத்தில் கணக்கில்லாத படங்களில் தலைகாட்டினார். அவற்றுள் பலவற்றில் கதைக்குச் சம்பந்தமில்லாத தனி நகைச்சுவைப் பகுதியில் வந்து, குரலை உயர்த்தி, கண்ணை உருட்டி, ஓடி விழுந்து விட்டுப் போகிறார். எதிரில் கதாநாயகனோ வில்லனோ இல்லாமல், அவரைப் போலவே சிரிப்பு மூட்ட வந்த ஒருவர் மட்டும் நின்றால் நாகேஷ் மிகைப்படுத்துகிறார் என்பதை வரிசையாகப் பார்த்து வந்ததில் அறிந்தேன். உடற்குறையுள்ளவர்களையும் பெண்களின் தோற்றத்தையும் கேலி செய்யும் காட்சிகளும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்தில் அது வழக்கம் என்று சொல்லி அவற்றைக் கடந்து போக என்னால் முடியவில்லை. காது கேளாத ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து, செவிடரைக் கேலி செய்யும் ஒரு பழைய காட்சியைப் பார்க்க நேர்ந்தபோது உடனே நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து படத்தை முதல் நாள் இரவே தனியாகப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவுக்குப் போடுகிறேன். இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கவேண்டியது 1966 இல் வந்த 'அன்பே வா'. அங்கே வீட்டுக் காவல்காரரான நாகேஷ், சொந்தக்காரர் என்று தெரியாமல் எம். ஜி. ஆருக்கே அவருடைய வீட்டில் இடம் கொடுத்து வாடகை பேசுகிறார். கதையின் நடுவில் வைக்கப்பட்ட நாகேஷ் எவ்வளவு அளவோடு நடிப்பார் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

காது மந்தமான பெரியவர்களோடு படம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நாங்கள் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். நூறு பக்கக் கொப்பி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறோம். படம் தொடங்குமுன் யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு என்ன வேண்டும் என்பதை ஐந்தாறு வரிகளில் பெரிய எழுத்தில் கறுப்புப் பேனையால் எழுதி அப்பாவிடம் கொடுப்பேன். கதை முழுவதையும் எழுதக் கூடாது. முதலில் நான் அந்தப் பிழையைத்தான் செய்தேன்: முடிவு வரை எழுதிவிட்டதால் அவர் படத்தைப் பார்க்காமல் கொப்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் மிகுதியை நடிகர்கள் சொல்லிவிடுவார்கள். கதையைத் திருப்பும் வசனம் வரும்போது மட்டும் நிறுத்தி, ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுத் தொடர்வோம். பழைய படங்கள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுபவை, ஒரே இருப்பில் பார்ப்பது முதிய உடம்புக்கு ஆகாது. ஆகையால் இடைவேளை வரை சனிக்கிழமை, மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. அறை விளக்கை அணைப்பதில்லை. கொப்பியை வாசிக்க வெளிச்சம் வேண்டும் என்பது ஒரு காரணம், எங்கள் முகத்தைப் பார்த்து நாங்கள் எங்கே சிரிக்கிறோம் என்று அவர் அறிந்துகொள்ளலாம் என்பது இன்னொரு காரணம்.

என்னிடம் இருந்த பழைய வீடியோக் கசெற்றுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. தொண்ணூறுகளில் பஞ்சம் கிடந்து சேர்த்த இருபத்திரண்டு கசெற்றுகளை அலுமாரியின் அடித்தட்டில் படுக்க வைத்திருந்தேன். கடற்கரை வீட்டின் உப்புக் காற்றும் மாரி கால ஈரமும் சேர்ந்து, திறந்து பார்த்தபோது நாடாச் சுருளின் விளிம்பில் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவசரத்தில் ஒன்றைத் தூக்கி டெக்கில் போட்டேன். பூஞ்சணம் டெக்கின் உள்ளே ஒட்டி, அதற்குப் பின் போட்ட நல்ல கசெற்றும் பழுதாகியது. பூஞ்சணம் பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் எந்தக் காரணத்துக்காகவும் இயக்கிப் பார்க்க வேண்டாம். கசெற்றுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி, நிலத்திலிருந்து உயரமான இடத்தில், ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மிஞ்சிய எட்டை நகரில் ஒரு கடையில் கொடுத்து இறுவட்டில் பதியச் சொன்னேன். வாங்கி வந்து பார்த்தால் எல்லாப் படமும் அகலத்துக்கு இழுக்கப்பட்டு, கீழ் ஓரத்தில், கால் வரும் இடத்தில், கடையின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. மூலக் கசெற்றுகளைத் திருப்பிக் கேட்டபோது அவற்றை எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள். பதியக் கொடுப்பவர்கள் படத்தின் அளவை மாற்றக் கூடாது, பெயர் போடக் கூடாது, மூலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற மூன்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

பிற்காலப் படங்களுக்கு வருகிறேன். இளைஞர்களுக்குத் தெரிந்த நாகேஷ் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் அவினாசிதான், என் மருமகனும் அதிலிருந்துதான் தொடங்கினான். 1989 இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அவர் கொடிய வில்லன். அறுபதுகளில் ஓடி விழுந்த உடம்பு அதில் அநேகமாக அசைவதே இல்லை. சிரிக்க வைக்கப் பயன்பட்ட அதே பல்வரிசை அங்கே அச்சம் தருகிறது. அதைப் பார்த்துவிட்டு அப்பா, "இவனைத் தெரியாமல் இவ்வளவு காலம் சிரிச்சிருக்கிறம்" என்று சொன்னார்.

1994 ஆம் ஆண்டை நான் நாகேஷின் ஆண்டு என்றே கொள்கிறேன். அந்த ஆண்டில் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் பிணமாக வருகிறார். தங்கள் மேலாளரின் உடல் என்று எண்ணி மூன்று பெண்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இழுத்துச் செல்லும் ஒரு பிணம். வசனம் கிடையாது, கண் அசைவு கிடையாது. முப்பத்தைந்து வருடம் ஓடியாடிச் சம்பாதித்த அத்தனை வித்தையையும் துறந்துவிட்டு, எடை மட்டுமாக அங்கே இருக்கிறார். சாய்த்தால் சாய்வதும், நிமிர்த்தினால் ஒரு நொடி நின்று பிறகு சரிவதும் எவ்வளவு துல்லியமான கணக்கோடு நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உண்மையான பிணம் அப்படிச் சிரிக்க வைக்காது, உயிருள்ளவர் சற்றே தவறினாலும் காட்சி கெட்டுவிடும். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சிரித்த படம் அதுதான். கொப்பியில் அன்று நான் ஒரு வரியும் எழுத வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டில் வந்த 'நம்மவர்' படத்தைப் போடுவதற்கு நான் மூன்று மாதம் தயங்கினேன். கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய அந்தப் படத்தில் நாகேஷ் ஒரு கல்லூரிப் பேராசிரியர், மகளைப் பறிகொடுக்கும் தந்தை. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அந்தப் பாத்திரத்துக்குக் கிடைத்தது. அந்தத் துயரக் காட்சி வந்தபோது அப்பா கொப்பியை மூடி மடியில் வைத்துவிட்டு முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். நானும் ஒலியை நிறுத்தினேன். நாகேஷின் கைகள் எதைச் செய்வது என்று தெரியாமல் அலைகின்றன. ஒரு கோப்பையோ, ஒரு துண்டோ, அடுத்தவரின் தோளோ பற்றிக்கொண்டு காட்சிகளைக் கட்டியெழுப்பிய கைகள் அவை. பற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்பா எனக்கு முன்பாக அழுது நான் கண்ட இரண்டாவது தடவை அது. முதல் தடவை அம்மா போனபோது.

நாகேஷைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் எந்த வரிசையில் பார்க்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. 'காதலிக்க நேரமில்லை', பிறகு 'திருவிளையாடல்', அதன்பின் 'எதிர்நீச்சல்' என்று மூன்றை முழுமையாகப் பார்த்துவிட்டு நேரே 'மகளிர் மட்டும்' படத்துக்குப் போகச் சொல்வேன். 'நம்மவர்' கடைசியாக. அவரைச் சிரித்த முகமாக நன்கு பழகிக்கொண்ட பிறகுதான் அந்தப் படத்தில் அவர் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும். அவர் 2009 ஜனவரி 31 இல் மறைந்தார், கடைசியாக வெளிவந்த படம் அதற்கு முந்திய வருடம் வந்த 'தசாவதாரம்'. அதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு அப்பாவுக்கு அவசரமும் இல்லை.

அவர் காத்திருப்பது 'மேஜர் சந்திரகாந்த்' படத்துக்கு. 1966 இல் வந்த அந்தப் படத்தில் தங்கைக்காகக் கொலை செய்துவிட்டு, கண்பார்வை இழந்த ஒரு மேஜரின் வீட்டில் ஒளிந்துகொள்ளும் தையற்காரராக நாகேஷ் வருகிறார். பார்க்க முடியாத ஒருவருக்கு முன்னால் நாகேஷ் எப்படி நடிக்கிறார் என்பதைக் கேட்க முடியாத ஒருவரோடு இருந்து பார்க்க நான் மிகவும் விரும்புகிறேன். என் கைக்கு வந்த இரண்டு பிரதிகளும் மேலும் கீழும் வெட்டப்பட்டவை. முழுச் சட்டத்தோடு உள்ள பிரதி யாரிடமாவது இருந்தால், கோடு விழுந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரத் தேநீருக்கு முன்பு அப்பா கேட்கும் முதற் கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது: "கால் தெரியிற கொப்பி கிடைச்சுதோ மகன்?"